வண்டித் தண்ணீர் எங்கே போகிறது?

மோட்டார் வண்டி வைத்திருப்போர் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் ரேடியேட்டரின் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் குறைந்திருந்தால் ஒரு செம்பு ஊற்றி நிரப்பிக்கொள்வார்கள். மறுநாளும் குறைந்திருக்கும், மறுநாளும் ஊற்றுவார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல் இதுவும் ஓர் அன்றாடக் கடமை என்றே எண்ணிவிடுகிறார்கள். மாடு குடித்த நீர் எங்கே போகிறது என்பது நமக்குத் தெரியும். வண்டி குடித்த நீர் எங்கே போயிற்று என்று கேட்பவர் சிலரே. அந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்பது, ஒவ்வொரு விடைக்கும் அடையாளம் யாது என்பவற்றைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

முதலில், எஞ்சினுக்குத் தண்ணீர் எதற்கு என்று பார்ப்போம். பெட்ரோலோ டீசலோ எரிவதால் உண்டாகும் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறிவிடுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அவ்வாறு பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சிய பங்கு எஞ்சினின் உலோகத்திலே தங்குகிறது. அதை அவ்வப்போது அகற்றாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அகற்றும் வேலையைத் தண்ணீர் செய்கிறது. பம்பு அதைத் தள்ளுகிறது. சிலிண்டர்களைச் சுற்றியுள்ள அறைகளில் ஓடி அது வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. மேற்குழாய் வழியே ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழாய்களில் இறங்கும்போது காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, கீழ்க்குழாய் வழியே மீண்டும் எஞ்சினுக்குள் போகிறது. இந்தச் சுற்றில் தண்ணீர் செலவாக வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது வெப்பத்தைச் சுமக்கும் கூலியாளே அன்றி, எரிந்து தீரும் பொருள் அன்று.

தொடக்கத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886இல் உரிமம் பெற்ற முதல் மோட்டார் வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதன் மூலமே எஞ்சின் குளிர்ந்தது. ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்ற 70 கலோரி போதும். ஆனால் அதே ஒரு கிராம் ஆவியாக மாறுவதற்கு ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். ஆகவே நீரை ஆவியாக விடுவது வெப்பத்தைப் போக்க எளிய வழிதான். ஆனால் விலையும் கொடுக்க வேண்டும். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மக்களுடன் மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் அந்த வண்டியில் சென்றபோது, வழி நெடுகத் தண்ணீர் கண்ட இடங்களிலெல்லாம் நிறுத்தி நிரப்பிக்கொள்ள நேர்ந்தது. பின்னர் வில்ஹெல்ம் மைபாக் என்பவர் வடிவமைத்து 1901இல் ஓடத் தொடங்கிய மெர்சிடிஸ் வண்டியில் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் அமைந்தது. ஆயிரக்கணக்கான சிறு குழாய்களின் வழியே காற்று புகுந்து சென்றதால், குறைந்த அளவுத் தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றி வந்து போதுமானதாயிற்று. அன்று முதல் தண்ணீர் குறைவது வண்டியின் இயல்பு அன்று. அது ஒரு நோயின் குறி.

இந்த நோயை ஆராய்வதற்கு நம் மாவட்டத்து மக்களுக்குப் புதிய அறிவு எதுவும் வேண்டியதில்லை. விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் கண்மாய் நீர் வேகமாகக் குறைந்தால் நீர்பாய்ச்சி என்ன செய்வார்? நான்கு இடங்களைப் பார்ப்பார். நிறைந்த நீர் கலுங்கின் வழியாக வழிந்து போயிற்றா? கரையில் எங்கேனும் கசிவு உண்டா? யாரும் அறியாமல் மடை திறந்திருக்கிறதா? இவை எவையும் இல்லையென்றால், வெயில்தான் குடித்துவிட்டதா? வண்டித் தண்ணீருக்கும் இந்த நான்கு வழிகளே உள்ளன. மூடியின் வழியாக வழிதல் கலுங்கு. குழாய், ரேடியேட்டர், பம்பு ஆகியவற்றில் ஒழுகுதல் கரைக் கசிவு. எஞ்சினுக்குள்ளேயே நீர் புகுதல் திறந்து கிடக்கும் மடை. வண்டி அளவு கடந்து கொதித்தல் வெயில்.

நம் பகுதியில் இந்த ஆராய்ச்சிக்குத் தனியான அவசியமும் உண்டு. சிவகாசியில் 1920களின் தொடக்கத்தில் தீப்பெட்டித் தொழிலும், அதன் பின் பட்டாசுத் தொழிலும் வேரூன்றுவதற்கு மழை குறைந்த, ஈரமில்லாத காற்று ஒரு முக்கியக் காரணமாய் அமைந்தது. எந்த வறட்சி தீக்குச்சியை உலர்த்திக் கொடுத்ததோ, அதே வறட்சி ரப்பர்க் குழாய்களையும் உலர்த்திக் கெடுக்கிறது. கோடையில் 38, 40 டிகிரி வெப்பமுள்ள காற்றே ரேடியேட்டருக்குக் கிடைக்கும் குளிர்காற்று. ஊற்றுவதற்குக் கிடைப்பதோ பல இடங்களில் உப்பும் சுண்ணமும் கலந்த நிலத்தடி நீர். ஆகவே மழைவளம் மிக்க ஊர்களில் பல நாள் பொறுத்துக்கொள்ளும் சிறு குறைகள் இங்கே விரைவில் பெருங்கேடாக முடியும்.

ஆராயத் தொடங்குமுன், தண்ணீர் உண்மையிலேயே குறைகிறதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். நீர் சூடேறினால் பெருகும். ஐந்து லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குச் சூடாக்கினால், அது ஏறத்தாழ 175 மில்லி லிட்டர், அதாவது ஒரு டம்ளர் அளவு, கூடுதல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் போன்ற பழைய வண்டிகளில், வழியும் நீரைத் தாங்கிக்கொள்ளும் தனிப் பாத்திரம் இல்லாதவை பல. அவற்றில் கழுத்து வரை தண்ணீரை நிரப்பினால், பெருகிய நீர் வழிகுழாய் மூலம் தரையில் கொட்டிவிடும். மறுநாள் காலையில் ஒரு டம்ளர் குறைந்திருக்கும். உரியவர் மறுபடியும் கழுத்து வரை நிரப்புவார். மறுபடியும் அது வழியும். இங்கே நோய் வண்டியில் இல்லை. நிரப்பும் வழக்கத்தில் இருக்கிறது. கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்திவிட்டு நான்கு நாள் பாருங்கள். மட்டம் ஓரிடத்தில் நிலைத்துவிட்டால் கவலையில்லை.

இக்கால வண்டிகளில் நீர்மட்டக் கோடுகள் இட்ட ஒரு பிளாஸ்டிக் பாத்திரம் இருக்கிறது. எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு, சமதளத்தில் வண்டியை நிறுத்தி அந்த மட்டத்தைப் பார்க்க வேண்டும். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய அளவு ஆகிய மூன்றையும் ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். குறைவு எப்போது நேர்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். இரவு முழுதும் வண்டி சும்மா நின்ற போதும் குறைந்தால், வெளிக் கசிவு என்று பெரும்பாலும் கொள்ளலாம். மதுரைச் சாலையிலோ சாத்தூர்ச் சாலையிலோ நெடுந்தூரம் வேகமாக ஓடிய பிறகு மட்டும் குறைந்தால், அழுத்தத்தின் கீழ் மட்டும் திறக்கும் பிளவு ஒன்றையோ, உள்ளே உண்டான பழுதையோ ஐயுற வேண்டும். சிவகாசிக் கடைவீதி நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது மட்டும் கொதித்து வழிந்தால், விசிறியின்மேல் ஐயம் கொள்ளலாம். ஓடும் வேகத்தில் தானே வந்து புகும் காற்று அங்கே இல்லை; விசிறி ஒன்றே துணை.

இனி நான்கு வழிகளையும் ஒவ்வொன்றாகக் காண்போம். முதலாவது கலுங்கு, அதாவது மூடி.

மூடி வெறும் அடைப்பு என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது பிரஷர் குக்கரின் மூடியைப் போன்ற ஒரு கருவி. நீரின்மேல் அழுத்தம் கூடினால் அதன் கொதிநிலையும் கூடும். சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் நீர், மேலும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் சேர்ந்தால் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியிலுள்ள வில்லும் ரப்பர் வளையமும் இந்த அழுத்தத்தைக் காத்து நிற்கின்றன. ரப்பர் வெடித்துப்போனாலோ வில் தளர்ந்தாலோ அழுத்தம் நிலைக்காது; 100 டிகிரியிலேயே நீர் கொதித்து, வழிகுழாய் வழியே ஆவியாகவும் நீராகவும் வெளியேறும். ஓடுகிற வண்டியிலிருந்து போவதால் தரையில் அடையாளமும் இராது. குக்கரின் காஸ்கெட் பழுதானால் நீர் வற்றிப் பருப்பு அடிப்பிடிப்பதைக் கண்ட இல்லத்தரசிகளுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

மூடியில் இன்னொரு சிறு வால்வும் உண்டு. அது எதிர்த்திசையில் வேலை செய்வது. எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அப்போது இந்த வால்வு திறந்து, பக்கத்துப் பாத்திரத்திலிருந்து நீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அது சிக்கிக்கொண்டாலோ, பாத்திரத்துக்குச் செல்லும் சிறு குழாயில் கீறல் விழுந்தாலோ, நீருக்குப் பதிலாகக் காற்றே உள்ளே புகும். அதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. பாத்திரம் நிறைந்திருந்தும் ரேடியேட்டரில் நீர் குறைந்திருக்கும். ஆறிய எஞ்சினின் மேற்குழாய், உறிஞ்சிய வாழைத்தண்டுபோலச் சப்பிக்கிடக்கும். மூடி விலை மலிவான பொருள். உற்பத்தியாளர் குறித்த அழுத்த எண்ணுள்ள மூடியை வாங்கி மாற்றுவதே ஆராய்ச்சியில் முதற்படி. கடையில் கைக்குக் கிடைத்த மூடியைப் போடலாகாது. அழுத்தம் மிகக் குறைந்த மூடி நீரை இழக்கும். மிகுந்த மூடி பழைய குழாய்களை வெடிக்கச் செய்யும்.

இரண்டாவது கரைக் கசிவு. இதைத் தேடும்போது ஒன்றை மறவாதிருக்க வேண்டும். சூடான எஞ்சின்மேல் விழும் துளி தரையை அடைவதற்குள் காய்ந்துவிடும். ஆகவே தரை ஈரமாக இல்லை என்பதனால் கசிவு இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. இங்கேதான் நம் ஊர் உப்புத் தண்ணீர் நமக்கு ஓர் உதவி செய்கிறது. நீர் காய்ந்த இடத்தில் உப்பும் சுண்ணமும் வெண்மையாகப் பூத்து நிற்கும். தண்ணீர்ப் பானையின் வெளிப்புறத்தில் பூக்கும் வெண்படலத்தைப் போன்றது அது. குளிர்நீர்க் கலவை ஊற்றிய வண்டியானால் பச்சை, சிவப்பு, நீலம் என்று அதன் நிறத்திலேயே கறை தெரியும். துரு கலந்த நீரானால் செம்மண் கோடு. ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு, ஆறிய எஞ்சினில் இக்கோடுகளை மேல்நோக்கித் தொடர்ந்து சென்றால் ஊற்று அகப்படும்.

பார்க்க வேண்டிய இடங்கள் இவை. ரப்பர்க் குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாய் இறுகியிருந்தாலும், ஊறிப்போய்க் குழைந்திருந்தாலும் மாற்றவேண்டியவையே. கிளிப்புகள் பிடிக்கும் ஓரங்களில் கசிவு மிகுதி. ரேடியேட்டரில், பழைய பித்தளை வகையானால் ஈயப் பற்று விட்ட இடங்களையும், இக்கால அலுமினிய வகையானால் பிளாஸ்டிக் தொட்டி பொருந்தும் விளிம்பையும் நோக்குங்கள். தண்ணீர்ப் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அது பழுதன்று, உள்ளிருக்கும் அடைப்பு வளையம் தேய்ந்தால் அதை அறிவிப்பதற்கென்றே வைத்த துளை. அங்கிருந்து நீர்க்கோடு இறங்கினால் பம்பின் ஆயுள் முடிந்ததென்று கொள்ளலாம். அந்தத் துளையை அடைத்துவிடுவது அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் தகடுகள் சில அடித்துப் பொருத்தியிருப்பார்கள். வெறுந்தண்ணீரே ஊற்றி வந்த வண்டிகளில் இவை உள்ளிருந்து துருவேறி ஊசித் துளை விழுந்து ஒழுகும்.

வண்டிக்குள் வெந்நீர்க் காற்று தரும் ஹீட்டர் ஒன்றும் உண்டு. நம் ஊரில் அதைப் பயன்படுத்துவோர் அரியர்; ஆயினும் பெரும்பாலான கார்களில் அதன் வழியாகத் தண்ணீர் ஓடும் பாதை இருக்கிறது. முன்னிருக்கையின் கால்விரிப்பு நனைந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான மூடுபனி படர்ந்து, இனிப்பான ஒரு மணம் வீசினால் கசிவு அங்கேதான். இதற்கு மாறாக, குளிர்சாதனத்தை ஓட்டியபின் வண்டிக்கு அடியில் சொட்டும் நிறமற்ற, மணமற்ற தூய நீர் காற்றிலிருந்து குளிர்ந்து வடிந்ததே. அதைக் கண்டு அஞ்சுவோர் பலர், அஞ்ச வேண்டியதில்லை.

கண்ணுக்கு ஒன்றும் புலப்படாவிட்டால் பட்டறைக்குச் செல்லுங்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு போன்ற ஒரு கைப்பம்பும் அழுத்தமானியும் அங்கே இருக்கும். ஆறிய எஞ்சினில் மூடியின் இடத்தில் அதைப் பொருத்தி, மூடியில் எழுதிய அளவுக்கு அழுத்தம் ஏற்றிவிட்டுச் சிறிது நேரம் பார்ப்பார்கள். முள் அசையாமல் நின்றால் சுற்று முழுதும் நலமே என்று பெரும்பாலும் கொள்ளலாம். முள் இறங்கி, வெளியே எங்கேனும் துளி தெரிந்தால் கசிவு அகப்பட்டது. முள் இறங்கியும் வெளியே ஒரு துளியும் இல்லையென்றால் தண்ணீர் உள்ளே போகிறது. அப்போதுதான் மூன்றாவது வழியாகிய மடையை நாம் ஆராய வேண்டும்.

எஞ்சினின் கீழ்ப்பகுதியாகிய பிளாக்குக்கும் மேல்பகுதியாகிய ஹெட்டுக்கும் நடுவே ஹெட் காஸ்கெட் என்ற மெல்லிய தகடு அமைந்திருக்கிறது. எரியும் வாயு, எண்ணெய், தண்ணீர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாதபடி காத்து நிற்பது இதுவே. வண்டி ஒருமுறை மிகுதியாகக் கொதித்தாலே ஹெட் வளைந்து, காஸ்கெட் கருகிவிடக்கூடும். அதன் அடையாளங்கள் பல. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னரும் புகைக்குழாயில் வெண்ணிற ஆவி இடைவிடாது வரும். மார்கழிக் காலையில் புறப்படும்போது சிறிது நேரம் வரும் ஆவி இதுவன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. குளிர்ந்த குழாயில் அது வெளுப்பாகத் தோன்றுவதும், சில துளி சொட்டுவதும் இயற்கை. எஞ்சினை முடுக்கிய ஓரிரு நிமிடங்களில், தண்ணீர் சூடேறுமுன்பே, மேற்குழாய் கல்லைப்போல் விறைத்துக்கொள்வது மற்றோர் அடையாளம். எரியும் வாயு நீர்ச்சுற்றில் புகுகிறது என்பது அதன் பொருள். பாத்திரத்தில் குமிழிகள் ஓயாமல் எழும்பும். எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தால், எண்ணெய் மோர் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். ஒரு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் மட்டும் நீராவியில் கழுவியதுபோல் பளிச்சென்றிருக்கும்.

ஐயத்தை நீக்க ஓர் எளிய இரசாயனச் சோதனையும் உண்டு. நீல நிறத் திரவம் ஒன்றை ஒரு கண்ணாடிக் குழலில் வைத்து, ரேடியேட்டரின் மேலுள்ள காற்றை அதன் வழியே உறிஞ்சுவார்கள். எரிந்த வாயுவிலுள்ள கரியமில வாயு பட்டால் நீலம் மஞ்சளாக மாறும். மாறினால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். லாரிகளின் டீசல் எஞ்சின்களில் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவியிலும், புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்கு அனுப்பும் கருவியிலும் இவ்வாறே உள்கசிவு நேர்வதுண்டு. காஸ்கெட்டைக் குற்றம் சாட்டுமுன் அவற்றையும் பார்ப்பது நல்லது.

உள்கசிவை அறிந்த பிறகும் தண்ணீரை ஊற்றி ஊற்றி வண்டியை ஓட்டுவது பெரும் தவறு. நீர் கலந்த எண்ணெய் தாங்கிகளைக் காக்காது. இரவில் சிலிண்டருக்குள் தேங்கிய நீர், காலையில் எஞ்சினைச் சுழற்றும்போது அமுங்க மறுத்து, பிஸ்டனைத் தாங்கும் தண்டை வளைத்துவிடும். காஸ்கெட்டோடு போகவேண்டிய செலவு எஞ்சின் முழுவதற்கும் ஆகிவிடும். வாடகை வண்டி ஒன்றையே நம்பி வாழும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு சிறிதன்று.

நான்காவது வழி வெயில். நீர்ச்சுற்றில் ஓட்டை எதுவும் இல்லாமலே, எஞ்சின் அளவு மீறிச் சூடேறுவதால் நீர் கொதித்து மூடியைத் தள்ளிக்கொண்டு போகலாம். விசிறிப் பட்டை தளர்ந்திருக்கலாம், மின்விசிறி சுழலாதிருக்கலாம், தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கதவு மூடியபடி நின்றுவிட்டிருக்கலாம், ரேடியேட்டரின் முகத்தில் பூச்சிகளும் கரிசல் புழுதியும் அப்பியிருக்கலாம். ஆனால் நம் மாவட்டத்தில் முதலில் ஐயுறத்தக்கது உட்புறத்துச் சுண்ணப் படிவே. கடின நீர் சூடேறும்போது அதில் கரைந்துள்ள சுண்ணம் பிரிந்து உலோகச் சுவரில் படிகிறது. இப்படிவு உலோகத்தைவிடப் பன்மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். மெல்லிய குழாய்கள் குறுகி, சில முற்றிலும் அடைபட்டும் போகும். இங்கே ஒரு தீய வட்டம் தோன்றுகிறது. தண்ணீர் குறைகிறது, கிணற்று நீரை ஊற்றுகிறோம், ஊற்றுந்தோறும் புதிய சுண்ணம் உள்ளே போகிறது, படிவு வளர்கிறது, வண்டி மேலும் கொதிக்கிறது, தண்ணீர் மேலும் குறைகிறது. நாள்தோறும் ஊற்றும் ஒரு செம்பு, நோய்க்கு மருந்தாவதற்குப் பதிலாக நோயையே வளர்க்கிறது.

ஆகையால் எதை ஊற்றுவது என்பதும் முக்கியம். உற்பத்தியாளர் கூறிய குளிர்நீர்க் கலவையே சிறந்தது. அதில் எத்திலீன் கிளைகால் என்ற பொருளும் துருத் தடுப்பான்களும் அடங்கியுள்ளன. உறைபனி இல்லாத நம் ஊருக்கு இது எதற்கு என்று கேட்பதுண்டு. அது கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்துகிறது. அலுமினியமும் இரும்பும் அரிக்காமல் காக்கிறது. அவை நமக்கு வேண்டியவையே. கலப்பதற்குக் காய்ச்சி வடித்த நீரோ, தாது நீக்கிய நீரோ பயன்படுத்த வேண்டும். அக்கலவை நச்சுத்தன்மை உடையது, சுவையோ இனிப்பு. குழந்தைகளும் நாயும் ஆடும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பழையதை வாய்க்காலிலோ கண்மாயிலோ கொட்டலாகாது.

கசிவை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போடும் பழக்கம் ஓட்டுநரிடையே நெடுநாளாக உண்டு. நடுவழியில் பட்டறை வரை போய்ச் சேர அது உதவக்கூடும். ஆனால் துளையை அடைக்கும் தூள், துளையில்லாத நுண்குழாய்களையும் அடைக்கும். ஊர் சேர்ந்ததும் கழுவிவிட்டு, உரிய பழுதைப் பார்க்க வேண்டும்.

வழியில் வண்டி கொதித்துவிட்டால் செய்யவேண்டியவற்றையும் கூறிவிடுகிறேன். வெப்பமானியின் முள்ளை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நீர்மட்டம் மிகவும் தாழ்ந்துவிட்டால், வெப்பத்தை உணரும் முனை நீரில் தோயாமல் வெறும் வெளியில் நிற்கும்; எஞ்சின் வேகும்போதே முள் இறங்கிக் காட்டவும் கூடும். ஆவி எழுந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். மூடியைத் தொடாதீர்கள். உள்ளே 100 டிகிரிக்கு மேற்பட்ட நீர் அழுத்தத்தால் அடங்கிக் கிடக்கிறது. மூடி திறந்த கணமே அதன் ஒரு பகுதி ஆவியாக மாறும். ஆவியான நீர் முன்பு இருந்ததைவிட 1,600 மடங்குக்கும் மேலான இடத்தை வேண்டும். எஞ்சிய நீரையும் வாரிக்கொண்டு அது முகத்தில் பாயும். கையில் சுற்றிய துண்டு அதைத் தடுக்காது. மேற்குழாயைக் கையால் தயக்கமின்றிப் பிடிக்க முடிகிற அளவு ஆறும் வரை காத்திருங்கள். அரை மணிக்கும் மேல் ஆகலாம். ஆறாத எஞ்சினில் குளிர்ந்த நீரைத் திடீரென ஊற்றினால் உலோகம் விரிசல் காணும்.

பட்டாசுச் சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு இவை அனைத்தும் இரட்டிப்பாகப் பொருந்தும். அத்தகைய சரக்கைக் கொண்டுசெல்வதற்கு 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் பல கட்டுப்பாடுகளை வகுத்துள்ளன. சிவகாசிச் சரக்கு தீபாவளிக்குப் பல மாதங்கள் முன்பே வடநாட்டுக்குப் புறப்படத் தொடங்குகிறது. வண்டிகளுக்கு ஓய்வு குறைவு. நீர் குறையும் லாரி எங்கே நின்றுபோகும் என்பதை ஓட்டுநர் தீர்மானிக்க முடியாது. அது ஊரின் நடுவிலோ, தேநீர்க் கடை அடுப்பின் அருகிலோ நிற்கலாம். வேடிக்கை பார்க்க வருவோருள் பீடி புகைப்பவரும் இருப்பர். புறப்படுமுன் ஆறிய எஞ்சினில் மட்டத்தைப் பார்த்து, முதல் நாள் குறிப்போடு ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். குறைந்திருந்தால், காரணம் தெரியும்வரை அவ்வண்டியில் அச்சரக்கை ஏற்றாதிருப்பதே முறை. இரசாயனக் கலவைகளைக் கையாளும் தொழிலாளர் சிறு அறிகுறியையும் அலட்சியம் செய்வதில்லை. அந்த எச்சரிக்கை ஆலைவாயிலோடு நின்றுவிடக்கூடாது.

சுருங்கக் கூறின், ஆறிய எஞ்சினில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முதலில் மூடியை மாற்றுங்கள். பிறகு வெளியே வெள்ளைக் கோட்டையும் துருக் கோட்டையும் தேடுங்கள். அகப்படாவிட்டால் அழுத்தச் சோதனை செய்வியுங்கள். அதன் பின்னரே எஞ்சினைப் பிரிக்க இசையுங்கள். செலவு குறைந்ததிலிருந்து மிகுந்ததற்குச் செல்லும் இந்த வரிசையைப் பின்பற்றினால், நூறு ரூபாய்க் குழாய்க்காக எஞ்சினைப் பிரிப்பதும் நேராது. எஞ்சினுக்குள் நேர்ந்த பழுதை மறைத்துக்கொண்டு மாதக்கணக்கில் செம்பைத் தூக்குவதும் நேராது. நாளைக் காலையில் உங்கள் வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், அளந்து ஊற்றுங்கள். ஊற்றியதை எழுதி வையுங்கள்.